கற்பிட்டிச் சாலையில் ஒரு பெட்டிக் கமரா

சென்ற மாசியில் கற்பிட்டிக்குப் போனேன். கொழும்பில் என்னோடு தையல் ஆலையில் வேலை செய்யும் ஸரீனா தாத்தா அந்தப் பக்கம் கல்வீடு கட்டி முடித்திருந்தார். தாத்தா என்றால் முஸ்லிம்கள் பேச்சில் அக்கா. தொண்ணூறில் முஸ்லிம்கள் என்பதால் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்து, இத்தனை வருடமும் தென்னோலைக் கிடுகுக் கொட்டிலில் இருந்த குடும்பம். "அகதிக்கு எதுக்குக் கல்வீடு" என்று சிலர் கேட்டார்களாம்.

"என்ட வாசல்ல நான் நிக்கிற படம் ஒன்டு புடிச்சித் தாங்க தங்கச்சி" என்றார்.

என்னிடம் இருப்பது பழைய பெட்டிக் கமரா. இப்போது கடையில் கிடைக்கும் 120 பிலிம் ரோல் அதற்குள் போகாது. பிலிம் சுற்றியிருக்கும் கட்டையின் விளிம்பு சற்றுப் பெரியது. ஸ்டூடியோக்காரர், "இத அலுமாரியில வச்சிட்டு டிஜிட்டல் ஒண்டு வாங்குங்க" என்றார். நான் நகவெட்டியால் விளிம்புகளை வெட்டி, உரசி மட்டமாக்கிப் போட்டேன். போனது. பின்பக்கச் சிவப்புக் கண்ணாடி வழியாக இந்தக் காலத்துப் பிலிமில் வெளிச்சம் ஏறிவிடும். அதற்குக் கறுப்பு டேப்.

புறக்கோட்டையில் காலை ஆறு மணி பஸ். முந்தல், மதுரங்குளி கடந்து பாலாவியில் இறங்கினேன், ஏறத்தாழ நான்கு மணி நேரம். அங்கிருந்து கற்பிட்டி பஸ். வழியில் ஒவ்வொரு இராணுவச் சாவடியிலும் அடையாள அட்டையைத்தான் பார்த்தார்கள். தாத்தாவை வாசலில் நிறுத்தி மூன்று படம் எடுத்தேன். ரோலில் எட்டு விழும்.

மறுநாள் பின்னேரம் இருவரும் கொழும்புக்குத் திரும்புகையில் களப்போரச் சாவடியில் பஸ்ஸிலிருந்து எல்லோரையும் இறக்கினார்கள். சிப்பாய் என் அட்டையில் தமிழ்ப் பெயரைப் பார்த்தார். பிறகு கறுப்புப் பெட்டியைப் பார்த்தார்.

"திற" என்றார் சிங்களத்தில்.

பெட்டியை இரு கையாலும் மூடிக்கொண்டேன். "திறந்தால் படமெல்லாம் அழிந்துவிடும். இன்னும் ஐந்து இருக்கிறது. முடித்துச் சுற்றிவிட்டுத் திறக்கிறேன்" என்று நானும் சிங்களத்திலேயே சொன்னேன்.

"சாவடியைப் படம் எடுக்கக் கூடாது."

"களப்புப் பக்கம்தான் எடுப்பேன்."

அவர் பதில் சொல்வதற்குள் தாத்தா வரிசையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "வாங்க, எல்லாரும் வந்து நில்லுங்க! நம்மள எப்பயும் அவங்கதானே பாக்குறாங்க. இன்டைக்கு நாம நம்மளப் படம் புடிப்பம்."

முதலில் ஒரு மீன் வியாபாரி வந்தார். பிறகு கைக்குழந்தையோடு ஒரு தாய். பிறகு பஸ் முழுவதும். வெயில் என் முதுகில், களப்பின் உப்புநீர்ப் பரப்பு அவர்களுக்குப் பின்னால். சிப்பாய் துவக்கோடு என் அருகிலேயே நின்றார். ஐந்தையும் எடுத்து, பிலிமை மூடும் தாள் முழுவதும் சுற்றும்வரை திருகி, நிழலில் வைத்துத் திறந்தேன். ரோலை நான் பிடித்துக்கொள்ள, வெறும் பெட்டியை அவர் குலுக்கிப் பார்த்தார்.

"அந்தச் சுருள்?"

"பிரித்தால் இவர்கள் எல்லோரும் அழிந்துபோவார்கள்."

நின்றவர்கள் யாரும் பஸ்ஸுக்குத் திரும்பவில்லை. அவர்களைப் பார்த்த சிப்பாய் பெட்டியை என்னிடம் நீட்டி, "போ" என்றார்.

எட்டில் ஒன்று மட்டும் பெட்டி அசைந்து கலங்கியது. வாசல் படம் மூன்றும் நன்றாக விழுந்தன. ஒன்று இப்போது தாத்தா வீட்டுக் கல்சுவரில் தொங்குகிறது.

பெட்டிக் கமராவோடு போகிறவர்களுக்கு: நல்ல வெயிலில் மட்டும் எடுங்கள். பிலிம் கழுவக் கொடுத்தால் அது சுற்றியிருந்த பழைய கட்டையை மறக்காமல் திருப்பி வாங்குங்கள்; அது இல்லாமல் அடுத்த ரோலைச் சுற்ற முடியாது. வழியில் திறக்கச் சொன்னால், ரோல் முடியட்டும் என்று சொல்லுங்கள். அது முடியும்வரை கமராவுக்கு எதிரே வந்து நிற்க இந்தக் கரையில் ஆட்கள் இருக்கிறார்கள்.