எங்க தாத்தாவோட இனிஷியல் 'ச'

இன்னைக்கு சிவகாசில ஒரு பிரஸ்ல வெச்சு எங்க பூட்டனைக் கழட்டிட்டாங்க!

(பதறாதீங்க. பிரேம்ல இருந்துதான்.)

முதல்ல முன்கதை. நாங்க கோயம்புத்தூர். பூர்வீகம் சிவகாசிப் பக்கம்னு சொல்லுவாங்க. அப்பாவோட தாத்தா அங்க ஏதோ ஒரு அச்சாபீஸ்ல வேலை பார்த்தவர். சின்ன வயசுலயே தவறிட்டார். அவர் சம்சாரம் மூணு வயசுப் பையனைத் தூக்கிக்கிட்டு மில் வேலைக்கு கோவை வந்துட்டாங்க.

அந்தப் பையன்தான் எங்க தாத்தா, ச. பால்சாமி.

பிரச்சனையே அந்த 'ச'தான்!

பள்ளிக்கூடத்துல சேர்க்கும்போது வாத்தியார் "பையனோட அப்பா பேரு?"ன்னு கேட்டிருக்கார். புருஷன் பேரை வாயால சொல்ல முடியுமா அந்தக் காலத்துல? ரொம்ப வற்புறுத்தினதுல முதல் எழுத்தை மட்டும் சொன்னாங்களாம். வாத்தியாரும் அதையே எழுதிக்கிட்டார். முழுப்பேரைக் கேட்டுத் தெரிஞ்சுக்கற வயசு தாத்தாவுக்கு வர்றதுக்குள்ள அவங்களும் போய்ச் சேர்ந்துட்டாங்க.

அவங்க தகரப்பெட்டில இருந்தது ஒரே ஒரு படம். முறுக்கு மீசை, தலைப்பாகை, கோட்டுல ரோஜாப்பூ.

அம்மா பெட்டில அவ்வளவு பத்திரமா ஒரு ஆம்பளை படம் இருந்தா அது அப்பாவாத்தானே இருக்கணும்? தாத்தா பிரேம் போட்டு மாட்டிட்டார். அன்னைல இருந்து அமாவாசை தவறாம மாலை, வடை, பாயசம்!

ஆக, எங்ககிட்ட முகம் இருக்கு. பேரு இல்ல.

போன ஆடி அமாவாசைக்கு பவானி கூடுதுறைல தர்ப்பணம். ஐயர் "தோப்பனார் பேரு?"ன்னார். "பால்சாமி." "தாத்தா பேரு?" அப்பா "ச..."ன்னு ஆரம்பிச்சு அப்படியே நின்னுட்டார்.

"பரவால்ல, தெரியாட்டி அதுக்கும் வழி இருக்கு"ன்னு ஐயர் மேல போயிட்டார்.

எழுபத்திரண்டு வயசு மனுஷன், கார்ல வந்து உக்காந்து அழுதுட்டார். "சொந்தத் தாத்தா பேரு தெரியாதவன் ஆயிட்டேனே கண்ணு"ன்னு. எனக்குத் தாங்கல.

அதான் லீவ் போட்டு, பிரேமைத் துண்டுல சுத்தி, ரயில்ல விருதுநகர், அங்கிருந்து பஸ்ல சிவகாசி.

நாரணாபுரம் ரோட்டுல ஒரு டீக்கடை. துண்டை விலக்கிக் காட்டினேன்.

கடைக்காரர் ரொம்ப நேரம் பார்த்தார். "ஆளு தெரியலம்மா. ஆனா மொகத்த எங்கனயோ பாத்தாப்ல இருக்கு!"

முதல் ஆளே பார்த்த மாதிரி இருக்குங்கறாரே!

"எதுத்தாப்ல பிரஸ் இருக்கு பாத்தீகளா, அங்கன கேளுங்க. நாலு தலைமுறையா அச்சடிக்காக."

போனேன். காலண்டர் சீசன். மிஷின் சத்தத்துல நான் கத்தறது எனக்கே கேக்கல. பிரஸ்காரர் படத்தை வாங்கிப் பார்த்தார். மிஷினை நிறுத்தச் சொன்னார். அப்புறம் மெதுவாக் கேட்டார்.

"அக்கா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீகளே?"

(அவருக்கு என்னைவிட அஞ்சு வயசாவது கூட இருக்கும். பரவால்ல.)

"சொல்லுங்க."

"இது போட்டோ இல்லக்கா. லேபிள்."

"என்ன லேபிள்?"

"பட்டாசுப் பெட்டி மேல ஒட்டுற லேபிள். பிரேமைக் கழட்டட்டுமா?"

ஆணியைப் பிடுங்கிப் பின்னட்டையை எடுத்தார். காகிதத்தோட ஓரத்தை நாலு பக்கமும் உள்ளுக்கு மடிச்சு வெச்சிருந்தாங்க. மேல் மடிப்பைப் பிரிச்சா பெரிய எழுத்துல...

'மாப்பிள்ளை மார்க் கம்பி மத்தாப்பு'!!!

எனக்கு சிரிக்கறதா அழறதான்னு தெரியல. மூணு தலைமுறையா மத்தாப்பு மாடலுக்குப் படையல் போட்டிருக்கோம்! இருந்த ஒரு முகமும் போச்சு. அப்பாகிட்ட இதை எப்படிச் சொல்றது?

அவர் மட்டும் விடல. கீழ் மடிப்பையும் பிரிச்சார். வெள்ளை ஓரத்துல ஊதாப் பென்சில்ல ஏதோ கிறுக்கல்.

"அக்கா, இங்கன வாங்க. இத வாசிங்க."

'சரி. அடிக்கலாம். மிஷின் சங்கையா.'

"இது யாரு?"

"இத அடிச்சவரு. மொதல்ல நல்லா விழுந்த தாளுல மிஷின்மேன் கையெழுத்துப் போடணும். அப்பதான் மிச்ச லோடு ஓடும். இந்தா, இன்னைக்கும் அப்படித்தான்." இன்னைக்குக் காலைல அடிச்ச காலண்டர் தாளை எடுத்துக் காட்டினார். ஓரத்துல கையெழுத்து!

அப்புறம் அவரே கேட்டார், "ஆமா, ஒங்க தாத்தாவுக்கு இனிஷியல் என்ன?"

"ச."

ரெண்டு பேரும் திரும்பவும் அந்த ஊதாப் பென்சில் எழுத்தைக் குனிஞ்சு பார்த்தோம்.

அந்தம்மா வெச்சிருந்தது மீசைக்காரன் படத்தை இல்ல. வாயால சொல்ல முடியாத பேரை. எழுதப் படிக்கத் தெரியுமோ தெரியாதோ, புருஷன் கையெழுத்து எதுன்னு தெரிஞ்சிருக்கு. அதைத்தான் தாத்தா அழகா மடிச்சு உள்ள தள்ளி ஆணி அடிச்சிருக்கார்! (பாவம், அவர் முகத்தைப் பார்க்கற அவசரத்துல இருந்திருப்பார்.)

இது கோர்ட்டுல நிக்கற ஆதாரமான்னு கேட்டா எனக்குத் தெரியாது. எனக்குப் போதும்.

அப்பாவுக்கு போன் போட்டேன்.

"அப்பா, சங்கையா."

"யாரு கண்ணு அது?"

"உங்க தாத்தா."

மெதுவா, கூடுதுறைல சொல்ற மாதிரியே சொன்னார். "தகப்பனார் பால்சாமி. தாத்தா சங்கையா." திரும்பவும் சொன்னார். திரும்பவும்.

பிரஸ்ல நின்னு தேம்பித் தேம்பி அழுதேன். பிரஸ்காரர் டீ வாங்கிட்டு வரச் சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டார்.

லேபிள், கையெழுத்துன்னு நடந்ததை எல்லாம் அப்பாகிட்ட சொல்லி முடிச்சதும் அம்மா போனைப் பிடுங்கிட்டாங்க. "அப்ப இத்தனை வருசமா நான் வடை சுட்டுப் படைச்சது யாருக்குடி?"

"கம்பி மத்தாப்புக்கும்மா!"

"அடக் கடவுளே! ஏனுங்க, அந்தப் படத்தை இனி மாட்டறதா வேண்டாமா?"

பின்னாடி அப்பா குரல் தெளிவாக் கேட்டுது.

"மாட்டு, மாட்டு. எங்க தாத்தா பார்த்து 'சரி'ன்னு சொன்ன ஆளு அவரு!"

பஸ் ஸ்டாண்ட் பக்கத்துலயே புது பிரேம் போட்டாச்சு. ஓரத்தை மடிக்கவே கூடாதுன்னு மூணு தடவை சொல்லி, பக்கத்துலயே நின்னு வாங்கினேன்.

உங்க வீட்டுச் சுவத்துல இருக்கறவரை எப்பவாவது கழட்டிப் பார்த்திருக்கீங்களா மக்களே?