மணிக்கோபுரத்தில் ஒட்டிய ஐந்து கண்ணாடிகள்

அறுபதுகள் முடியும் தறுவாயில் காரைக்குடியில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். சுற்றுவட்டாரத்துப் பழைய கட்டடங்களைப் பார்த்து, எது நிற்கும், எது நிற்காது என்று அறிக்கை எழுதுவது என் உத்தியோகம். தொல்லியல் படித்தவன் என்றால் மண்ணைத் தோண்டிப் பானை எடுப்பவன் என்று பலரும் நினைப்பார்கள். நான் அதிகம் தோண்டியது கோப்புகளைத்தான். எந்தப் படிவத்துக்கு எத்தனை நகல், யார் கையெழுத்துக்குக் கீழே யார் கையெழுத்து என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இன்றும் சொல்வேன்.

அந்தச் சமயத்தில்தான் புதுவயலுக்கு அப்பால் ஒரு கிராமத்திலிருந்த மாதா கோவில் என் பொறுப்பில் வந்தது. செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டிய, அந்த வட்டாரத்துக்கே பெரிய கோவில். வாசலை ஒட்டிய மணிக்கோபுரத்தின் உட்சுவரில் கீழிருந்து மேல்வரை ஒரு விரிசல் ஓடியது. கோபுரத்தை இறக்கிவிட்டு சிமெண்டில் புதிதாகக் கட்டலாம் என்று ஊரில் பாதிப்பேர் சொன்னார்கள். அதில் கை வைக்கக்கூடாது என்று மீதிப்பேர் சொன்னார்கள். பங்குச் சாமியார் இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டு, முடிவை என் தலையில் கட்டினார்.

விரிசல் பழையதா, இன்னும் வளர்கிறதா என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. மெல்லிய கண்ணாடிப் பட்டையை விரிசலுக்குக் குறுக்கே வைத்து, இரண்டு முனைகளையும் சாந்தால் பதித்து, பக்கத்தில் தேதி எழுதிவிட வேண்டும். சுவர் ஒரு நூல் அளவு நகர்ந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும். அப்படி ஐந்து பட்டைகள் ஒட்டினேன். இரண்டு கைக்கெட்டும் உயரத்தில், மூன்று ஏணி போட்டு மேலே. கூடி நின்றவர்கள் இது என்னவென்று கேட்டார்கள். "சர்க்கார் வேலை" என்று சொல்லிவிட்டு ஏணியைவிட்டு இறங்கினேன். விளக்கம் சொல்ல வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை.

மழைக்காலம் முடிந்து போய்ப் பார்த்தேன். கோபுரத்தின் உட்புறம் புதுச் சுண்ணாம்பு அடித்துப் பளிச்சென்று இருந்தது. கண்ணாடிகளின் மேல் ஒரு சொட்டுக்கூடப் படாமல் சுற்றி அடித்திருந்த பக்குவத்தைச் சாமியாரிடம் பாராட்டவும் செய்தேன். கீழ்ப் பட்டைகள் இரண்டும் உடைந்திருந்தன. விரிசல் வளர்கிறது, கோபுரத்தைக் கூரை மட்டம்வரை இறக்கிவிட வேண்டும் என்று எழுதிக் கையெழுத்திட்டேன். பழுதுபார்க்க அனுமதி கேட்டால் வருடக்கணக்கில் உறங்கும் அலுவலகம் அது. இடிக்க அனுமதி மட்டும் அடுத்த மாதமே வந்து சேர்ந்தது.

மணியை இறக்கும் நாளன்று, இடிப்பதற்கு முன் படமெடுத்துப் பதிவு செய்யப் போனேன். சவுக்குக் கம்புகள் வந்து இறங்கியிருந்தன. காண்டிராக்டரின் ஆட்கள் சாரம் கட்டத் தயாராக நின்றார்கள். வாசலில் மெழுகுவர்த்தி விற்கும் பெண் என்னைப் பார்த்ததும் எழுந்துகொண்டாள். நாற்பது வயது இருக்கும். ஊரில் எவருக்கும் பயப்படாத வாய்.

"வாங்கய்யா, வாங்க. நீங்க கண்ணாடி ஒட்டின நேரம் மாதா வந்து உக்காந்தாக. இப்ப நீங்களே இடிக்க வாரீகளாக்கும்?"

மாதா எங்கே வந்து உட்கார்ந்தார் என்று கேட்டேன்.

"உங்க கண்ணாடியிலதேன். சாயங்கால வெயில் பட்டா முகம் தெரியுதுன்னு ஊரே திரண்டு வந்துச்சு. பொம்பளைக பூராம் அதுக்கு நேர் கீழ, சுவத்தோரமா மெழுகுவத்தி ஏத்தினாக. திருநா கெட்டுச்சு போங்க!"

கண்ணாடி எப்போது உடைந்தது என்று கேட்டேன்.

"அது மழைக்கு முந்தியே டிக்குன்னு வெடிச்சிருச்சே. மாதா கண்ணைத் தொறந்துட்டாகன்னுல்ல பேசிக்கிட்டோம்."

"நான் வந்தபோது ஒரு சொட்டு மெழுகுகூட இல்லையே?"

"ஆபீசர் வாராகன்னு சாமியார் சுத்தம் பண்ணச் சொன்னாக. நாந்தேன் மெழுகைச் சொரண்டி, கரி தெரியாம சுண்ணாம்பு அடிச்சேன். நல்லா இருக்குன்னு சொன்னீகளாமே?"

சொன்னேன்தான். உள்ளே ஓடிப்போய் அண்ணாந்து பார்த்தேன். மேலே இருந்த மூன்று பட்டைகளும் முழுசாக இருந்தன. கோபுரம் சாய்ந்தால் விரிசல் முதலில் மேலேதான் விலகும். அந்த மழையில் அது இம்மியும் விலகவில்லை; கீழே இரண்டையும் வெடிக்க வைத்தது மெழுகுவர்த்திச் சூடு. முதல் வருடப் பாடத்தில் வரும் விஷயம் இது. இரண்டு துண்டுக் கண்ணாடியைக் கண்டதும் எனக்கு அது மறந்துபோயிருந்தது.

வேலையை நிறுத்தச் சொன்னேன். காண்டிராக்டருக்குக் கோபம் வந்துவிட்டது.

"உங்க கையெழுத்துலதானய்யா வேலையே நடக்குது!"

உத்தரவை ரத்து செய்யும் அதிகாரம் எனக்கு இல்லை. ஆனால் முழுப் பதிவு முடியும்வரை ஒரு செங்கல்லையும் தொடக்கூடாது என்று விதி இருந்தது. பதிவை எத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்று அந்த விதியில் இல்லை. ஆகவே நான்கு பக்கமும் வரிசை வரிசையாகச் செங்கல்லைப் படம் எடுக்கத் தொடங்கினேன். இரண்டாம் நாள் மாலை, காண்டிராக்டர் என்னைத் திட்டிக்கொண்டே கம்புகளை வேறு வேலைக்கு ஏற்றிக்கொண்டு போனார்.

மதுரைக்குப் போய் மேலதிகாரியிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் நல்லவர், என் எதிர்காலத்தில் அக்கறை உள்ளவர். "மெழுகுவர்த்தி, மாதா என்றெல்லாம் எழுதாதே. மேலும் ஆய்வு தேவை என்று ஒரு வரி போதும்" என்றார். அந்த ஒரு வரி என்னைக் காப்பாற்றியிருக்கும். ஆனால் இடிக்கச் சொன்ன அறிக்கையும் உயிரோடு இருந்திருக்கும். எனக்குப் பின்னால் வருபவர் எவராவது அதைத் தூசி தட்டி எடுப்பார். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதினேன். என் முடிவு தவறு, அறிக்கையைத் திரும்பப் பெறுகிறேன், உத்தரவை ரத்து செய்யவும் என்று மூன்று நகல் எடுத்துக் கொடுத்தேன். அலுவலகத்தில் என்னை ஒரு வருடம் 'மெழுகுவர்த்தி' என்றே கூப்பிட்டார்கள். எனக்குப் பின்னால் சேர்ந்தவருக்கு என் பதவி உயர்வு போயிற்று.

மறுபடி கண்ணாடி ஒட்டப் போனபோது, பூசை முடிந்ததும் சாமியார் என்னைப் பேச விட்டார். கண்ணாடி எதற்கு, சூடு பட்டால் என்ன ஆகும், அது உடைந்தால் கோபுரத்துக்கு என்ன ஆகும் என்று வீட்டில் பேசுவதுபோல் சொன்னேன். எவ்வளவு தூரம் காதில் ஏறியது என்று தெரியவில்லை. மெழுகுவர்த்திக்காரப் பெண் மட்டும் எதிர்ச்சுவரை ஒட்டி ஒரு தகரத் தட்டை வைத்துக் காவலுக்கு நின்றுகொண்டாள்.

"ஏத்தா, அங்குட்டுப் போகாத. அங்குட்டு ஏத்துனா மணி உன் தலையிலதேன் விழும். இங்குட்டு வை!"

அதற்குப்பின் எவளும் அந்தப் பக்கம் போகவில்லை.

இரண்டு மழைக்காலம் போயும் ஒரு பட்டைகூட உடையவில்லை. கோபுரம் கட்டிய காலத்தில் அடிமண் அமுங்கி விழுந்த பழைய விரிசல் அது. பல தலைமுறைக்கு முன்பே ஓய்ந்துவிட்டது. சுண்ணாம்புச் சாந்தைத் திணித்து அடைத்தோம். மணி அதே கோபுரத்திலிருந்துதான் இன்றும் அடிக்கிறது.

ஓய்வு பெறும்போது என் பணிப்பதிவேட்டைப் பார்த்தேன். அறிக்கையைத் திரும்பப் பெற்ற அந்தக் கடிதத்துக்கு எதிரே 'கவனக்குறைவு' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள். எழுதியவர் மேல் எனக்கு வருத்தமில்லை. அந்தச் சொல் சரிதான். ஆனால் முப்பது வருடம் நான் கையெழுத்திட்ட நூற்றுக்கணக்கான அறிக்கைகளில், என் பேரப்பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பெருமையோடு படித்துக்காட்ட எனக்கென்று இருப்பது, நான் தவறு செய்துவிட்டேன் என்று எழுதிய அந்த ஒரு பக்கம்தான்.