நமுனுகுல ஆடுகளும் கோஷர் கத்தியும்

காலை ஆறரைக்குப் பதுளை பஜாரில் என் கடை வாசலிலிருந்து வேன் புறப்பட்டது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கூடையில் கோழி சுமந்து விற்கத் தொடங்கி, இன்று மூன்று இறைச்சிக்கடை வைத்திருக்கிறேன். முதுகைத் தடவியே ஆட்டின் எடையைச் சொல்வேன். தராசு எனக்குப் பிறகுதான். அதனால்தான் எல்ல என்ற சுற்றுலா ஊரில் யூதப் பயணிகளுக்குச் சமைத்துப் போடும் விடுதிக்காரர் என்னைத் தேடி வந்தார்.

வேனை ஓட்டியவர் ரிஸ்வான். எல்லயில் ஆட்டோ ஓட்டியே ஆங்கிலம் பழகியவர். பின் இருக்கையில் ஷிமோன் என்ற தாடிக்காரர். யூத முறைப்படி அறுப்பவர். அந்த வேலை செய்பவரை ஷோஹெட் என்கிறார்கள். என் கடைகளைப் பார்க்க முந்தின நாளே பதுளைக்கு வந்துவிட்டார். நமுனுகுலவில் மாரியாயியின் ஆடுகளைப் பார்த்துவிட்டு அப்படியே அவரை எல்லயில் கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு.

மாரியாயி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள், ஆறு ஆடு வளர்க்கிறாள். ஆடுகள் சரிப்பட்டால் சீசன் முடியும்வரை கிழமைக்குக் கிழமை அவளும் அந்த லயத்து வரிசை வீட்டுக்காரர்களும் வளர்க்கும் ஆடுதான் விடுதிக்குப் போகும். அந்தக் காசில் அவளுக்கு ஒரே காரியம்: லயத்துக்கு வெளியே சமைக்கத் தனியாக ஒரு குசினி. இப்போது ஒரே அறைக்குள் அடுப்பும் ஆளும், குளிருக்குப் பயந்து கட்டிய ஆடும். மகள் கமலாவுக்கு இருமல் நிற்பதேயில்லை. புகையிலிருந்து தள்ளி வையுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஆறு ஆடும் போகும், கவலைப்படாதே என்று நான் வாக்குக் கொடுத்திருந்தேன். என் வாக்குக்கு ஊவா மாகாணத்தில் மதிப்பு உண்டு.

பதினெட்டு கிலோமீற்றர் போனதும் பசறை. ஆளுக்கொரு பிளேன்டீ, ஐம்பது ரூபாய். அங்கேதான் பேச்சு சூடு பிடித்தது. நமக்கு ஹலால் என்பதுபோல அவர்களுக்குக் கோஷர். பன்றியும் இரத்தமும் இரு பக்கமும் ஆகாது. ஒட்டகமும் அவர்களுக்கு ஆகாதாம் என்று ரிஸ்வான் சொன்னார்.

"பதுளையில ஒட்டகம் கேட்டு எவன் வந்தான்?" என்றேன். மொழிபெயர்த்ததும் ஷிமோனும் சிரித்தார்.

குறையை மறைத்து விற்பதற்கு நம்மிடம் கிஷ் என்று பெயர். அவர்களிடம் அதற்குக் கெனேவத் தாஅத், அதாவது அடுத்தவன் மனதைத் திருடுவது. வேறு மதத்தவனுக்கு விற்றாலும் குற்றம் குற்றம்தானாம். எனக்குப் பிடித்துப்போனது. அப்படியானால் நாம் இரண்டு பேரும் ஒரே பஜார் ஆட்கள் என்று சொல்லச் சொன்னேன்.

ஒன்பது மணிக்கு நமுனுகுல. பனி இன்னும் இறங்கியபடி இருந்தது. காலையில் பெயர் பதியும் பெரட்டுக்குப் போகாமல், அன்றையச் சம்பளத்தையும் விட்டுவிட்டு மாரியாயி காத்திருந்தாள்.

"வாங்க முதலாளி. ஆறையும் புடிச்சிக்குவாங்களா?"

"நான் வந்திருக்கேன்ல" என்றேன்.

ஓடைக்கரையில் ஷிமோன் கத்தியின் விளிம்பை நகத்தில் வைத்து மேலும் கீழும் இழுத்துப் பார்த்தார். மயிரளவு பள்ளம் இருந்தாலும் அறுக்கமாட்டாராம். ஒரே இழுப்பில் முதல் ஆடு முடிந்தது. நல்ல கை; நானே சொல்கிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு வயிற்றைக் கீறி, கையை நெஞ்சுக்குள் விட்டுக் கண்ணை மூடித் தடவினார். முகம் மாறியது.

நுரையீரல் விலா எலும்போடு ஒட்டியிருந்தது. இரண்டாவது ஆடும் அப்படியே. மூன்றாவதும். அதற்குமேல் அவர் கத்தியைத் துடைத்து உறையில் போட்டுவிட்டார்.

"தெரெஃபாவாம், ஹாஜியார். குறையுள்ள மிருகம். முழு ஆடும் அவங்களுக்கு ஆகாதாம்" என்றார் ரிஸ்வான்.

எங்கள் கடையில் இப்படி ஒட்டியிருந்தால் விரலால் பிய்த்து எறிந்துவிட்டு இறைச்சியைத் தொங்கவிடுவோம். நான் வாதாடினேன். மீதி மூன்றையாவது பாருங்கள் என்றேன். எல்லாம் ஒரே அறையில் படுத்த ஆடுகள் என்று ஷிமோன் மெதுவாகச் சொன்னார். குளிரும் புகையும் சேர்ந்து நெஞ்சில் சளி கட்டி ஆறிய தழும்பு அது. இந்த மலையில் எந்த லயத்து ஆட்டைக் கொண்டுவந்தாலும் இப்படித்தான் இருக்கும் என்றார். விடுதிக்கு வேறு ஊரிலிருந்து ஆடு எடுக்கப்போகிறார்கள்.

அறுத்த மூன்றை என்ன செய்வது? யூதரைப் போன்ற வேதக்காரர் அறுத்தது நமக்கு ஆகும் என்று மார்க்கம் படித்தவர்களில் சிலர் சொல்வார்கள். பதுளையில் அதைச் சொல்லி விற்றால் ஒருவரும் வாங்கமாட்டார். சொல்லாமல் விற்றால் கிஷ். விலையை நானே கொடுத்துவிட்டு, யார் அறுத்தது, என்ன குறை என்பதையும் சொல்லி, லயத்துக்காரர்களுக்குப் பங்கிடச் செய்தேன். மீதி மூன்றையும் வழமைபோல் நானே வாங்கிக்கொள்வேன். ஆனால் அந்தக் காசில் ஒரு சுவர்கூட எழும்பாது. நான் அறுக்கும் அந்த ஆடுகள் ஹலால்தான். நம் வேதம் ஹலாலோடு தய்யிப் என்றும் சொல்கிறது; நல்லது, சுத்தமானது என்று பொருள். அது தய்யிப்பா என்று என்னிடம் கேட்காதீர்கள்.

மாரியாயி அழவில்லை. ஒட்டிய நுரையீரலைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உள்ளே கமலா இருமுவது கேட்டது.

"அவருகிட்ட கேட்டுச் சொல்லுங்க முதலாளி. மனுஷருக்கு இப்படி ஒட்டிக்கிட்டா அதுக்கு என்னா பேரு?"

ரிஸ்வான் அதை மொழிபெயர்க்கவில்லை. அந்தப் பெண் என்ன கேட்டாள் என்று ஷிமோன் என்னைப் பார்த்தார்.  நான் வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

எல்லயில் ஷிமோனை இறக்கிவிட்டுப் பிற்பகல் இரண்டு மணிக்கு வீடு வந்தேன். என் வீட்டில் சமையலறை முற்றத்துக்கு அந்தப் பக்கம் தனியாக இருக்கிறது. புகைபோக்கி வைத்து, ஓடு பதித்து, பத்து நாளில் கட்டி முடித்திருந்தேன். சேலையில் கரி படுகிறது என்று மனைவி ஒருமுறை சொன்னாள், அதற்காக.