பசுவுக்கு வைத்த பழங்கஞ்சி

கார்க்கைப் பிடுங்கும்போது மருந்துக் குப்பி ‘ளொப்’ என்று ஒரு சத்தம் விடும். என் இளமை முழுக்க அந்தச் சத்தத்தில் கழிந்தது. கல்லூரி வாசம் தீருமுன் இரணியலில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டர் ஆனேன். கம்பவுண்டர் என்றால் ஊர் வயிறு எல்லாம் தெரிந்தும் வாய் திறக்கக் கூடாதவர். வயிற்றோடு பிறந்து அவதிப்படும் உங்களிடம் சொல்வதில் தப்பில்லை.

வெள்ளை மிக்சர்

தங்கம் பேச்சிப்பாறைப் பக்கத்து விவசாயி மகள். ஜவுளி வியாபாரி வீட்டுக்கு வாழ வந்து மூன்று மாதம். அதில் இரண்டு மாதம் வயிற்றுப்போக்கு. பிறந்த வீட்டில் காலையில் பழங்கஞ்சியும் காந்தாரி மிளகாயும். இங்கே டீ, ரொட்டி, பிஸ்கட். பழங்கஞ்சி கூலிக்காரர் சாப்பாடாம். சுண்ணாம்பு மிக்சரை ஊற்றி, வேளைக்கு இவ்வளவு என்று காகிதத்தைப் பல் பல்லாக வெட்டிக் குப்பியில் ஒட்டினேன். மாமியார் அதைப் பார்த்துச் சொன்னார்: “இந்தக் குப்பி தீருததுக்குள்ள வயிறு நிக்கல்லன்னா இவள அவ அப்பன் வீட்ல கொண்டு விட்டிருவேன். சீக்காளி எனக்கு வேண்டாம்.”

டாக்டரின் தயிர்

அவளுக்குப் பழங்கஞ்சி கொடுத்துப் பார்க்கலாமே என்று டாக்டரிடம் சொன்னேன். அவர் தோட்டக்காரரின் தூக்குவாளியில் இருந்த பழங்கஞ்சியில் ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் காட்டினார். “பாத்தியா? அம்புட்டும் கிருமி.”

மத்தியானம் அவருடைய தயிரில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன். குச்சி குச்சியாக அங்கேயும் கூட்டம். கூப்பிட்டுக் காட்டினேன். வெகுநேரம் குனிந்திருந்தவர் நிமிர்ந்து சொன்னார்: “இது நல்ல குடும்பத்துக் கிருமியாக்கும்.”

பசுவின் பங்கு

மறுநாள் டாக்டரைப் பார்க்க வந்த தங்கத்தின் காதில், “மக்கா, பழங்கஞ்சி குடி” என்றேன். சொல்வது எனக்கு எளிது. அந்த வீட்டில் மீந்த கஞ்சி தொழுவத்துக்குத்தான் போகும். தொட்டியில் ஊற்றுமுன் பானையிலிருந்தே அவள் தினமும் ஒரு செம்பு குடித்தாள். ஒரு வாரத்தில் வயிறு கட்டியது, முகம் தெளிந்தது, குப்பியில் பாதி மருந்து மிச்சம்.

எட்டாம் நாள் மாமியார் அவளைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார். “வயிறு நின்னு போச்சுல்லா?” என்றார் டாக்டர், தன் மிக்சரின் பெருமையோடு. மாமியார் சொன்னார்: “வயிறு நின்னா என்ன டாக்டரே, மாட்டுக்கு வச்சதக் குடிச்சவ கையால எங்க வீட்ல ஆரு சோறு உண்ணும்?”

பதினாறு வருடம் குப்பி குப்பியாக நான் கலக்கிக் கொடுத்தது, யோசித்துப் பார்த்தால், குடும்ப மானத்துக்கான மருந்து.

தங்கத்தை அன்றைக்கே கொண்டு விட்டார்கள். திரும்ப அழைக்க யாரும் போகவில்லை. பேச்சிப்பாறைப் பக்கம் மரச்சீனிக் கிழங்கு பயிரிட்டு எழுபது வயது தாண்டியும் வாழ்ந்தாள், வயிற்றுக் கோளாறு ஒன்றும் இல்லாமல்.