தம்பி பொருத்திய மீட்டர்

எங்கள் அப்பாவின் நினைவு ஜெபத்துக்கு வந்திருந்த உறவினர் முன்னால் என் தம்பியைத் திருடன் என்று சொன்னவன் நான். அவன் அப்படிப்பட்டவன் அல்ல. தம்பியின் முதலாண்டு நினைவு மலருக்கு அண்ணன் என்ற முறையில் எழுதக் கேட்டார்கள். இதைச் சொல்லாமல் அவனது நற்குணங்களை எழுத எனக்கு உரிமை இல்லை.

தம்பி குலசேகரத்தில் பிறந்தான். அப்பா அங்கே ரப்பர் எஸ்டேட்டில் மேற்பார்வையாளர். இருவரையும் படிக்க வைக்க வசதி இல்லை. நான் கல்லூரிக்குப் போய் இயற்பியல் ஆசிரியன் ஆனேன். அவன் பத்தாம் வகுப்போடு நின்று, வண்டிகளுக்கு வயரிங் செய்யும் வேலையைக் கற்று, மார்த்தாண்டத்தில் சொந்தமாகக் கடை போட்டான். அம்மா படுக்கையில் கிடந்த மூன்று வருடமும் அவளைத் தூக்கிக் குளிப்பாட்டியவர்கள் அவனும் அவன் மனைவியும்தான். நான் ஞாயிறுதோறும் போய்ப் பார்த்து வந்தேன்.

அப்பாவின் பழைய அம்பாசடர் கார் எனக்கு வந்தது. ஓய்வுபெற்றபின் காது மந்தமாகி, இன்ஜின் சத்தத்தைக் கேட்டு கியர் மாற்ற முடியாமல் போயிற்று. மஸ்கட்டில் இருக்கும் என் மகன், பழைய வெளிநாட்டுக் காரிலிருந்து கழற்றிய டாக்கோமீட்டர் ஒன்றை வாங்கி அனுப்பினான். இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று ஓடுகிறது என்று முள்ளால் காட்டும் கருவி அது. தம்பியிடம் கொடுத்தேன். நான்கு நாளில் அதை ஸ்டியரிங் அருகே பொருத்தி, ஸ்பார்க் உண்டாக்கும் இக்னிஷன் காயிலிலிருந்து வயர் இழுத்து, வண்டியைக் கொண்டுவந்து விட்டான். கூலி வேண்டாம் என்றான். அதுவே எனக்கு உறுத்தியது.

மீட்டரின் பின்மூடியில் நெம்பித் திறந்த தடம் இருந்தது. கண்ணாடி முன்னைவிடப் பளபளத்தது. அந்த வாரம், பழைய வெளிநாட்டுக் கார் வைத்திருந்த ரப்பர் வியாபாரி ஒருவர் தம்பியின் கடையில் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருந்தேன். அசலை அவருக்குக் கொடுத்துவிட்டு வேறு எதையோ எனக்கு மாட்டியிருக்கிறான் என்று முடிவு கட்டினேன். நினைவு ஜெபம் முடிந்து எல்லாரும் காப்பி குடிக்கும்போது அதைக் கேட்டேன்.

“அண்ணா, அது எட்டு சிலிண்டர் வண்டிக்குள்ள மீட்டரு. நம்ம வண்டிக்கு நாலுதான். அப்படியே மாட்டினா பாதிதான் காட்டும். அதான் தொறந்து சரி பண்ணினேன்” என்றான்.

“மீட்டருக்குக் கண்ணா இருக்கு, சிலிண்டர எண்ணிப் பாக்க? திருடுனா திருடுனேன்னு சொல்லுலே” என்றேன்.

சிலர் சிரித்தார்கள். தம்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் போனான்.

அதன்பின் மாதத்தின் முதல் ஞாயிறுதோறும், ஆலயத்தில் திருவிருந்து தொடங்கும்போது அவன் எழுந்து வெளியே போய் நின்றான். ஆறு வருடம் இப்படி. செய்த தவறு உறுத்துவதால்தான் அப்பத்தையும் ரசத்தையும் வாங்க அஞ்சுகிறான் என்று நினைத்தேன். “பாத்தியா?” என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, நான் முன்னால் போய் முழங்காலிட்டேன்.

தம்பி மறைவதற்கு நான்கு மாதம் முன்பு மீட்டரின் முள் அசையாமல் நின்றது. தக்கலையில் ஓர் எலக்ட்ரீஷியனிடம் கொண்டுபோனேன். அவர் அதைத் திறந்ததும், “இது அசலா?” என்றுதான் முதலில் கேட்டேன்.

“அசலுதான் சார். எட்டு சிலிண்டருக்கு உள்ளது. ஆரோ வெவரமுள்ள ஆளு நாலுக்கு மாத்தியிருக்காரு.”

“சிலிண்டர் கணக்கு மீட்டருக்கு எப்படித் தெரியும்?”

“அது ஸ்பார்க்கத்தானே சார் எண்ணுது. நாலு சிலிண்டருன்னா ஸ்பார்க் பாதிதானே வரும்.”

அறுந்திருந்த வயரைப் பற்றவைத்து, வண்டியை ஓடவிட்டார். தம்பி உள்ளே சேர்த்திருந்த சிறு பாகத்தைக் கழற்றிக் காட்டினார். முள் பாதிக்கு இறங்கியது. திரும்ப வைத்ததும் ஏறியது. முப்பது வருடம் மின்சாரத்தைப் பாடமாக நடத்தியவன் நான். வீட்டுக்கு வந்து, மகன் அனுப்பிய பெட்டியைத் தேடி எடுத்தேன். அதிலிருந்த அட்டையின் எண்ணும் மீட்டருக்குள் இருந்த எண்ணும் ஒன்றே. அந்தப் பெட்டி ஆறு வருடமும் என் அலமாரியில்தான் இருந்தது.

தம்பிக்கு அப்போது சிறுநீரகம் பழுதாகியிருந்தது. தன் வீட்டு வாசலில் என்னைக் கண்டதும், “எதுக்கு வந்திய? இன்னும் எதாவது காணாம போச்சா?” என்றான்.

நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

“அன்னைக்கு எல்லாரும் இருக்கத்தானே சொன்னிய. இப்ப ரகசியமா வந்து சொல்லுதிய.”

அடுத்த முதல் ஞாயிறு, போதகரின் அனுமதி பெற்று, சபையார் முன் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். தம்பி கடைசி வரிசையில் இருந்து கேட்டான். திருவிருந்து தொடங்கியதும், மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு வழக்கம்போல வெளியே போனான். என்னைத் தலைகுனிய வைத்துப் பார்க்கத்தான் இதைச் செய்ய வைத்தானோ என்று அப்போதும் சந்தேகப்பட்டேன். பின்னாலேயே போனேன்.

“இன்னும் எதுக்குடே வெளிய நிக்க?”

“ஒங்க மேல கோவம் இருக்கு அண்ணா. அத வச்சுக்கிட்டு அங்க போய் முட்டு போடப்பிடாது. ஆறு வருசமா அதுக்குத்தான் வெளிய வந்தேன். நீங்க என்ன நெனச்சிய?”

அன்று நானும் உள்ளே திரும்பவில்லை. அடுத்த மாதம் அவன் எழுந்தபோது நானும் எழுந்தேன். வெளியே நின்றவன், “முள்ளு இப்ப எங்க நிக்குது?” என்று கேட்டான்.

“வண்டி சும்மா நிக்கும்போது எண்ணூறு.”

“ஒருநாள் கொண்டு வாங்க. சத்தம் கேக்கணும்.”

கொண்டுபோய், அவன் கட்டில் கிடந்த சன்னலுக்கு வெளியே ஓடவிட்டேன். எனக்குக் கேட்காத சத்தத்தை அவன் கண்ணை மூடிக் கேட்டான். “சரியாத்தான் இருக்கு” என்றான். மன்னித்தானா என்று அவன் முகத்திலிருந்து என்னால் அறிய முடியவில்லை.

கடைசி வாரம் மருத்துவமனையில் இருந்தான். நோயாளிக்குக் கொடுக்கும் திருவிருந்தோடு போதகர் ஐயர் வந்தார். நான் வெளியே போக எழுந்தேன். தம்பி என் சட்டையைப் பிடித்துக்கொண்டான்.

“ஐயரே, ரெண்டு பேருக்கு எடுங்க.”

அவனை இரவும் பகலும் பார்த்துக்கொண்ட அவன் மனைவிக்கும், கடையைப் பூட்டவிடாமல் நடத்தித் தந்த நண்பர்களுக்கும், மருத்துவமனையில் பணிசெய்தவர்களுக்கும், ஒருவருக்கென்று கொண்டுவந்த அப்பத்தை இரண்டாகப் பிட்டு என் கையிலும் வைத்த போதகருக்கும் நன்றி.