அம்மா ஏறிய பிளைவுட் படகு

எங்கள் ஊரில் சனிக்கிழமை காலையில் படகுகள் நடந்து போகும். எங்கள் ஊர் என்று நான் இப்போது சொல்வது கனடாவில், ஒன்டாரியோவில், ஏரிக்கரையை ஒட்டிய ஒரு சிற்றூர். வந்த புதிதில் ஜன்னல் வழியே பார்த்துத் திடுக்கிட்டேன். தெருவில் ஒரு படகு, கவிழ்ந்தபடி, இரண்டு கால்களோடு போய்க்கொண்டிருந்தது. ஒருவர் அதற்குள் தலையைக் கொடுத்துத் தோளில் சுமந்து ஏரிக்குப் போகிறார். கனூ என்று பெயர். மீன் பிடிக்க அல்ல, சாமான் ஏற்ற அல்ல. தண்ணீரில் கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பி வர. நம் பக்கம் ஒருவர் காரணமில்லாமல் கண்மாய்க்குள் இறங்கினால் கரையில் கூட்டம் கூடிவிடும். இங்கே இறங்காதவளைத்தான் விசாரிக்கிறார்கள். "ஏன், உடம்பு சரியில்லையா?" என்று பக்கத்து வீட்டம்மாள் கேட்டார். தண்ணீர் என்றால் பயம் என்று சொல்ல வெட்கப்பட்டு, லேசாக ஜலதோஷம் என்று சொல்லிவைத்தேன். சாயங்காலம் ஒரு பாத்திரம் நிறைய சூப் வந்துவிட்டது.

அந்த ஊர்க்காரர்தான் என் கணவர் பீட்டர். தன் கனூவைத் தானே செய்துகொண்டவர். எங்கள் கல்யாணம் அங்கே பதிவு அலுவலகத்தில் நடந்தது. இராஜபாளையத்திலிருந்த அம்மாவுக்குப் போனில்தான் சொன்னேன். "சரி, நல்லாருங்க" என்று ரிசீவரை வைத்துவிட்டாள். அப்பா காலமான பிறகு எங்கள் பேண்டேஜ் துணிப் பட்டறையை ஒற்றை ஆளாக நடத்துகிறவள் அவள். தறிச் சத்தத்தையும் மீறிக் கேட்கும் அவள் குரல். அவள் சுருக்கமாகப் பேசினால்தான் பயப்பட வேண்டும் என்பது பட்டறைக்கே தெரிந்த விஷயம்.

தொண்ணூறுகளின் நடுவில், ஐப்பசி மழை கொட்டித் தீர்த்த ஒரு வருஷம், நீண்ட விடுப்பில் பீட்டரை அழைத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். அம்மா உபசாரத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் அவர் எதிரில் உட்காரவும் இல்லை, அவரிடம் நேராக ஒரு வார்த்தை பேசவும் இல்லை. கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "அவருக்கு இன்னும் ரெண்டு தோசை வேணுமான்னு கேளு" என்பாள். மருமகன் முன்னால் மாமியார் ஒதுங்கி நிற்பது எங்கள் வீட்டு வழக்கம்தான். பிடிக்காத விருந்தாளியிடமும் அதே போல ஒதுங்கித்தான் நிற்பார்கள். அம்மா நிற்பது மரியாதையா, கோபமா? அது தெரியாமல் எனக்கு ஒரு வாய்ச் சோறு நிம்மதியாக இறங்கவில்லை. கேட்டுவிடலாம்தான். கேட்டு, பதில் வேறு மாதிரி வந்துவிட்டால்?

ஒருநாள் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு டவுன் பஸ்ஸில் போனோம். வழியில் கண்மாய் தளும்பி நின்றது. மேற்கே மலை முழுதும் அதில் தெரிந்தது. பீட்டர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இவ்வளவு தண்ணீர், ஒரு படகுகூட இல்லையே!" என்று உண்மையிலேயே வருத்தப்பட்டார். பங்குனியில் இதே இடத்தில் கிரிக்கெட் ஆடுவார்கள் என்று சொன்னதை அவர் நம்பவில்லை. பேச ஆளில்லாமல், வேலையும் இல்லாமல் காய்ந்துபோயிருந்த மனிதர், மறுநாளே பிளைவுட் கடைக்குக் கிளம்பிவிட்டார்.

பட்டறைக் குடோனில் வேலை தொடங்கியது. நீளநீளமாக அறுத்த பிளைவுட் துண்டுகளின் ஓரத்தில் துளை போட்டு, செம்புக் கம்பியால் ஒன்றோடொன்று தைத்தார். "துரை பலகையத் தைக்கிறாரு!" என்று பட்டறை ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தார்கள். தைத்த மூட்டுகளின் மேல் கண்ணாடியிழைத் துணியை வைத்து ரெசின் என்ற பசையைப் பூச வேண்டும். மதுரையில் ரெசின் கிடைத்தது, துணி கிடைக்கவில்லை. அம்மா துணி நிறுக்கும் தராசுக்குப் பின்னாலிருந்து என்னிடம் சொன்னாள்: "காயத்துக்குக் கட்டுப் போடுற துணி இங்கன மலையாக் குமிஞ்சு கெடக்கு. இதுக்கு எதுக்கு மதுரைக்கு ஓடுதாரு? நம்ம துணிய வச்சு ஒட்டச் சொல்லு." பீட்டர் தயங்கினார். ஆனால் மாமியாரிடமிருந்து வந்த முதல் யோசனை அது. மறுக்க மனம் வரவில்லை.

மறுநாள் காலையில் பார்த்தால், ஒட்டிய துணி முழுவதும் வாழைப்பட்டை மாதிரி உரிந்து வந்தது. அம்மா உரிந்த துணியை முகர்ந்து பார்த்தாள். அதே சிப்பத்திலிருந்து ஒரு துண்டைக் கிழித்துத் தொட்டித் தண்ணீரில் போட்டாள். துணி ஒய்யாரமாக மிதந்தது. எங்கள் தொழிலில் மிதக்கிற துணி ஆகாத துணி. கஞ்சி போக வெளுத்த துணி என்றால் போட்டதும் மூழ்க வேண்டும். அதுதான் ரத்தத்தை உறிஞ்சும், ரெசினையும் உறிஞ்சும். "ஏலே, வெளுக்காத துணிய எவம்லே எடுத்துக் குடுத்தது? எந் துணி ஒட்டலன்னு அவரு ஊருல போயிச் சொல்லணுமா?" என்று குடோனே அதிரக் கத்தினாள். அவள் இப்படிக் கத்திக் கேட்டு எத்தனை நாளாயிற்று! எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பிறகு சேலையைச் செருகிக்கொண்டு வெளுத்த துணியை அவளே அளந்து கிழித்துக் கொடுத்தாள், என் கையில். நான் வாங்கி அவர் கையில் கொடுத்தேன். மூழ்குகிற துணியைச் சுற்றி மிதக்கிற படகா என்று பீட்டர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். ஆனால் மூன்று சுற்று ஒட்டிக் காய்ந்த பிறகு, சுத்தியால் தட்டிப் பார்த்துத் தலையாட்டினார்.

அதன் பிறகு படகு ஊர்ச் சொத்தாகிவிட்டது. பட்டறை ஃபிட்டர் முன்முனையில் சைக்கிள் மணியை மாட்டினார். லாரிக்கு எழுதுகிறவர் வந்து திருஷ்டிக்குக் கண் வரைந்தார். பீட்டர் தன் பங்குக்கு முன்பக்க இருக்கையைத் தாழ்வாக வைத்து, கட்டில் நாடாவால் பின்னினார். அவர் ஊரில் முட்டி போட்டுத்தான் துடுப்புப் போடுவார்கள். "அது யாருக்காம்?" என்று அம்மா கேட்டாள். நான் கேட்டுச் சொன்னேன்: "உனக்குத்தான். முட்டி வலியோட நீ படியேறுறதப் பாத்தாராம்." அம்மா தராசுப் பக்கம் போய்விட்டாள். நான் பேசாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

செண்பகத்தோப்புப் பக்கம் ஒரு கண்மாயில் இறக்கினோம். சக்கரம் இல்லாத வண்டிக்கு எலுமிச்சம்பழத்தை எங்கே வைப்பது என்று ஒரு சிறு விவாதம் நடந்து, கடைசியில் அடியில் வைத்துத் தள்ளினார்கள். கரையில் சுந்தரபாண்டியத்து விவசாயி ஒருவர் சைக்கிளை நிறுத்தினார்.

"மீன் குத்தகை எடுத்திருக்கியளா?"

"இல்லண்ணே, சும்மா சுத்திப் பாக்க."

"தண்ணிக்குள்ள சும்மா என்னத்தப் பாக்க?" என்றவர், நம்பாமல் அங்கேயே நின்றுகொண்டார்.

பீட்டர் பின்னிருக்கையில் உட்கார்ந்து, அம்மாவைப் பார்த்து முன்னிருக்கையைக் கைகாட்டினார். அவள் மறுத்தால் அது தண்ணீர்ப் பயம் என்று நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கும். அந்தப் பொய்யும் தயாராக இருந்தது. அம்மா என் காதருகே வந்து மெதுவாகக் கேட்டாள்.

"முன்னாடி ஒக்காந்தா, அவருக்கு முதுகக் காட்டிட்டுத்தானே ஒக்காரணும்? மொகத்துக்கு நேரா ஒக்கார வேண்டாமில்ல?"

"வேண்டாம்மா. ரெண்டு பேரும் ஒரே பக்கந்தான் பாக்கணும்."

"அப்பச் சரி. மருமகன் மொகத்துக்கு நேரா ஒக்காந்தா மரியாதையா இருக்காது, அதாம் கேட்டேன்."

செருப்பைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, சேலையை ஒதுக்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். பீட்டரும் தன் செருப்பை என்னிடம் நீட்டிவிட்டுத் துடுப்பை ஊன்றினார். படகு ஆடி நிமிர்ந்து நகர்ந்தது. ஒரு மூட்டிலும் தண்ணீர் கசியவில்லை. கொஞ்ச தூரம் போனதும் அம்மாவின் பழைய குரல், தறிச் சத்தத்தை மீறும் அந்தக் குரல், தண்ணீர் மேல் தெளிவாக வந்தது.

"எடது பக்கம் போகாதிய மாப்பிள்ளை, அங்கன தாமரைக்கொடி கெடக்கு!"

அவருக்கு எப்படிப் புரிந்ததோ, படகு வலப்புறம் திரும்பியது. அம்மா திரும்பிப் பார்க்காமலே பேசிக்கொண்டு போனாள், அவரும் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிக்கொண்டு துடுப்புப் போட்டார். நடுவில் நான் தேவைப்படவில்லை.

"அவிய ரெண்டு பேரும் யாரும்மா?" என்றார் சைக்கிள்காரர்.

"எங்க அம்மா. பின்னால எங்க வீட்டுக்காரரு."

"நீங்க ஏறலையா?"

"எடமில்லண்ணே. ரெண்டு பேருக்குத்தான் செஞ்சது" என்று சிரித்தேன். ஒரு கையில் அம்மாவின் செருப்பு, மறு கையில் அவர் செருப்பு. கண்ணைத் துடைக்கக் கை ஒழியவில்லை.