திராட்சைத் தோலின் வீரியம்

எங்கள் சித்திக்கு ஆராய்ச்சிக்கூடத்தில் எலிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. கூண்டு கழுவுவது, தீவனம் போடுவது, எடை பார்ப்பது எல்லாம் அவள் பொறுப்பு. ஒவ்வொன்றையும் "வாடி ராசாத்தி" என்று கொஞ்சிக்கொண்டுதான் கையில் எடுப்பாள். வீட்டில் சித்தப்பாவுக்கு அந்தக் கொஞ்சலில் கால்வாசிகூடக் கிடைத்ததில்லை.

கறுப்புத் திராட்சையின் தோலிலிருந்து ஒரு சாற்றைப் பிரித்தெடுத்து அங்கே சோதனை நடந்தது. சர்க்கரை நோய் கண்ட எலிகளுக்கு அதைக் கொடுத்தார்கள். பன் மாதிரி உப்பியிருந்த பாதங்கள் நாளாக ஆக வற்றியதைச் சித்தி கண்ணால் பார்த்தாள். ரத்தத்தில் சர்க்கரையும் இறங்கியிருந்தது.

"நாம துப்புற தோலுடா! அதுக்குள்ள இவ்வளவு இருக்கா?"

சொல்லச் சொல்ல அவள் கண் விரிந்தது. கேட்ட எனக்கே உடம்பு சிலிர்த்துவிட்டது.

சித்தப்பாவும் பழைய சர்க்கரைக்காரர். பாதத்தில் ஆறாத புண். சும்மா இருப்பாரா?

"எலிக்குக் குடுக்கறத எனக்குக் குடுக்கக் கூடாதா? ஒரு வாய் கொண்டு வாயேன்" என்று தினமும் நச்சரித்தார். புண்ணைப் பார்க்கப் பார்க்கச் சித்தியின் மனசும் கரைந்தது. ஒரு நாள் காலையில் யாருக்கும் தெரியாமல் ஒரு குப்பியை எடுத்துச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துவிட்டாள்.

அன்றைக்குத்தான் சோதனையின் அடுத்த கட்டம் தொடங்கியது. ஒரு கூண்டு எலிகளுக்குச் சாற்றோடு சர்க்கரை மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்தார்கள். சித்தப்பா விழுங்குகிற அதே மாத்திரை. கொஞ்ச நேரத்தில் ஒரு எலி வெடவெடவென்று நடுங்கித் துவண்டு சாய்ந்தது.

"ஐயோ மேடம், இங்க பாருங்க!"

ஓடிவந்த ஆராய்ச்சியாளர் தொட்டுப் பார்த்தார். "சர்க்கரை ஒரேயடியா இறங்கிடுச்சும்மா. சீக்கிரம்!"

சித்தி சர்க்கரைத் தண்ணீரை விரலால் தொட்டு அதன் ஈறில் தடவினாள். உள்ளங்கைக்குள் பொத்திச் சூடு கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் அது கண் திறந்தது. மாத்திரையோடு சேர்ந்தால் ஒரு சொட்டுச் சாற்றுக்கு இத்தனை வலுவா என்று நினைத்தவள், நேரே போய்ச் சாப்பாட்டுப் பையைத் திறந்தாள். குப்பியை எடுத்ததை மேடத்திடம் சொல்லித் திருப்பிக் கொடுத்தாள். வாங்கிக் கட்டிக்கொண்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தாள்.

டம்ளரோடு காத்திருந்த சித்தப்பாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அப்போ எல்லாம் கதைதானா? அது வேலையே செய்யாதா?"

சித்தி பக்கத்தில் உட்கார்ந்து, அவருடைய புண்காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"வேலை செய்யாத சாறா இருந்தா, குடம் குடமா கொண்டு வந்து குடுத்திருப்பேங்க."